ஹாப்பர் வாங்கப் போறீங்களா? அந்தப் பெரிய நம்பரைப் பார்க்காதீங்க



எபிசோடில் நேரம் போதாமல் விட்ட விஷயம்: பெயின்ட்பாலுக்கு எந்த மோட்டார் ஹாப்பர் வாங்கலாம்?

ஹாப்பர்னா மார்க்கரின் தலையில் உட்கார்ந்திருக்கும் பந்து டப்பா. பெரும்பாலும் 200 பந்து பிடிக்கும். விளம்பரத்தில் "நொடிக்கு 30 பந்து" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் காசை இறக்காதீங்க. பெரிய போட்டிகளின் விதிகளே இன்று நொடிக்குச் சுமார் 10 பந்துதான் சுட விடுகின்றன.

அப்போ மோட்டார் எதுக்கு? ஒரு சின்னக் கணக்கு. பந்தின் விட்டம் சுமார் 17 மி.மீ. நின்ற நிலையிலிருந்து அவ்வளவு தூரம் தானாக விழக் கிட்டத்தட்ட 60 மில்லிநொடி ஆகும். நொடிக்கு 10 சுட்டால் ஒரு பந்துக்குக் கிடைப்பது 100 மில்லிநொடி. அதிலும் போல்ட் திறந்திருப்பது கொஞ்ச நேரம்தான். இதைவிடப் பெரிய தலைவலி, பந்துகள் ஒன்றையொன்று முட்டி வாசலில் வளைவு கட்டி நின்றுவிடுவது. அப்புறம் குலுக்கினால்தான் விழும். எதிராளி ஓடிவரும்போது குலுக்கிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடிந்தது.

வீடியோ கால் மாதிரிதான் இதுவும். சராசரி ஸ்பீட் எவ்வளவு இருந்தாலும், முக்கியமான நேரத்தில் உறைந்தால் என்ன பிரயோஜனம்? நீங்கள் காசு கொடுப்பது இடைவெளி விழாமல் இருப்பதற்கு.

மோட்டாரில் இரண்டு வகை. ஒன்று பந்துகளைக் கிளறிவிடும். வளைவு உடையும், ஆனால் பந்து தானாகத்தான் விழணும். விலை குறைவு. இன்னொன்று ஃபோர்ஸ் ஃபீட்: டை ரோட்டர், வெர்ச்சு ஸ்பைர் போன்றவை. பந்து வரிசையை விடாமல் அழுத்தி வைத்திருக்கும்.

எது வேண்டும் என்பதை உங்கள் மார்க்கர்தான் சொல்லும். நிதானமாகச் சுடும் மெக்கானிக்கலுக்குக் கிளறும் வகையே போதும். அதையே வேகமாகச் சுட்டால், பாதி இறங்கிய பந்தை போல்ட் நசுக்கிவிடும். உள்ளே முழுக்கப் பெயின்ட். சென்சார் உள்ள எலக்ட்ரானிக் மார்க்கர் பந்து வரும்வரை காத்திருக்கும். நசுங்காது, ஆனால் நீங்களும் சுடாமல் நிற்பீங்க. இந்த இரண்டுக்கும் ஃபோர்ஸ் ஃபீட்தான் சரி.

கடையில் மூன்று கேள்வி கேளுங்க:

• ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் கழற்ற முடியுமா? உள்ளே பந்து உடைந்தால் மைதானத்திலேயே கழுவணும்.

• அழுத்தத்தைக் குறைக்க முடியுமா? குளிரில் பந்தின் ஜெலட்டின் தோல் நொறுங்கும், ஹாப்பரே உடைத்துவிடும்.

• என்ன பேட்டரி? கனடா குளிரில் சாதாரண ஆல்கலைன் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் ஏஏ தாங்கும்.

பட்ஜெட் இடிக்குதா? செகண்ட் ஹாண்டில் பழைய ஃபோர்ஸ் ஃபீட் தேடுங்க. பந்து நிரப்பி ஓடவிட்டுப் பார்த்தபிறகு வாங்குங்க. மிச்சக் காசில் நல்ல பெயின்ட் வாங்கலாம். ஈரத்தில் ஊதிப்போன பந்தை எந்த மோட்டாரும் ஒழுங்காக இறக்காது.

கடைசியாக: களத்தில் ஹாப்பர் சிக்கினாலும் மாஸ்க்கைக் கழற்றாதீங்க.