விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்

பிள்ளை எதையோ விழுங்கிவிட்டது என்றால் நம் வீடுகளில் உடனே தொண்டைக்குள் விரல் விடுவார்கள். அதற்கும் வரவில்லை என்றால் உப்புத் தண்ணீர், புளிக் கரைசல். பதறும் மனசுக்கு இது இயல்புதான். ஆனால், பிழைக்க வேண்டிய குழந்தையின் நிலைமையை மோசமாக்குவதும் இதுதான்.

பட்டன் பேட்டரி: காத்திருக்கவே கூடாது

ரிமோட், பாட்டுப் பாடும் பொம்மை, எடை பார்க்கும் கருவி என எல்லாவற்றிலும் இருக்கிறது இந்த வட்டப் பேட்டரி. 20 மி.மீ. அகலமுள்ள லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால், எச்சிலின் ஈரத்தில் மின்சாரம் ஓடி அந்த இடத்தில் காரம் உருவாகும். இரண்டே மணி நேரத்தில் குழாயின் சுவரை அது அரித்துவிடலாம். ரிமோட்டுக்கு உதவாத பழைய பேட்டரியும் இதைச் செய்யும்.

குழந்தை அழாமல்கூட இருக்கலாம். எச்சில் ஒழுகும், சோறு இறங்காது, இருமல் வரும். சளி என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுவோம். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நாணயம் ஒரே வட்டமாகத் தெரியும். பேட்டரியின் ஓரத்துக்குள் இன்னொரு வளையம் தெரியும். உணவுக்குழாயில் இருந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் உடனே எடுத்துவிடுவார்கள்.

ஒரு வயது தாண்டி, விழுங்கவும் முடிகிற பிள்ளைக்கு, மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். வேறு எதுவும் கொடுக்கவும் கூடாது.

காந்த உருண்டைகளை விழுங்கினாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு உள்ளே போனால், நடுவில் குடலை நசுக்கி ஓட்டை போட்டுவிடும்.

மண்ணெண்ணெய், ஆசிட், கற்பூரம்

மண்ணெண்ணெயின் ஆபத்து வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான். வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். கழிப்பறை ஆசிட் வெளியே வரும்போது தொண்டையை இன்னொரு முறை சுடும்.

கற்கண்டு என்று நினைத்துக் கற்பூரத்தைத் தின்ற குழந்தைக்குச் சிறிது நேரத்திலேயே வலிப்பு வரலாம். எலி பேஸ்ட் இதற்கு நேர்மாறு: முதல் ஓரிரு நாள் பிள்ளை ஓடியாடி விளையாடும், பிறகுதான் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். நன்றாக இருக்கிறதே என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. குடித்த பாட்டிலையும் உறையையும் கையோடு கொண்டுபோங்கள்.

மூச்சு அடைத்தால்

வேர்க்கடலை சிக்கி, இருமிக்கொண்டிருந்தால் இருமட்டும். சத்தமே வராவிட்டால்தான் நாம் இறங்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 தட்டு. திருப்பிப் போட்டு நெஞ்சு நடுவில் 5 அழுத்தம். அடைப்பு விலகும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பெரிய பிள்ளைக்கு முதுகில் தட்டிய பிறகு, பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். பொருள் கண்ணுக்குத் தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழத்துக்குப் போகும்.

வீட்டில் இன்றே செய்ய வேண்டியது

தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெயோ ஆசிட்டோ ஊற்றி வைக்காதீர்கள்; தாகத்தோடு வரும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியாது. ரிமோட்டின் பின்மூடி கழன்றிருந்தால் அழுத்தமாக டேப் ஒட்டுங்கள். கழற்றிய பேட்டரியின் இரு பக்கமும் டேப் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.