நீளாத கை எடுத்த 800 விக்கெட்!

ஒரு சின்ன சோதனை. உள்ளங்கை மேலே தெரியும்படி வலது கையை முன்னால் நீட்டுங்கள். முழங்கை நேராக நிற்கிறதா? பக்கத்தில் இருப்பவரின் கையையும் பாருங்கள். சிலருக்கு ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கும். சிலருக்கு இன்னும் கொஞ்சம் கீழே வளையும். எவ்வளவு முயன்றாலும் நேராகாத கையும் உண்டு.

முத்தையா முரளிதரனின் கை அப்படிப்பட்டதுதான். 1972-இல் இலங்கையின் கண்டியில் பிறந்த தமிழர் இவர். பிறவியிலேயே வலது முழங்கை முழுதாக நீளாது. ஆனால், மணிக்கட்டும் தோளும் மற்றவர்களைவிட எளிதாகச் சுழலும். ஆஃப் ஸ்பின் போடுபவர்கள் பெரும்பாலும் விரலால்தான் பந்தைத் திருகுவார்கள். முரளியோ மணிக்கட்டையும் சேர்த்துச் சுழற்றினார். பந்து பம்பரம்தான்!

1995 டிசம்பர் 26, மெல்போர்ன் மைதானம். முரளி பந்தை எறிகிறார் என்று நடுவர் டாரல் ஹேர் 7 முறை நோ-பால் கொடுத்தார். கை வளைந்திருப்பது தவறல்ல. பந்தை விடும்போது வளைந்த கையை நீட்டுவதுதான் எறிதல். ஆனால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியுமே! ஆஸ்திரேலியாவிலும் ஹாங்காங்கிலும் கேமரா வைத்துச் சோதித்தார்கள். 1996-இல் அனுமதி கிடைத்தது. 2004-இல் முழங்கை அசையாதபடி பட்டை மாட்டிக்கொண்டும் முரளி பந்து வீசிக் காட்டினார். அப்போதும் பந்து திரும்பியது! மற்றவர்களை அளந்தபோது, ஏறக்குறைய எல்லோருடைய கையும் கொஞ்சம் நீள்வது தெரிந்தது. 15 டிகிரி வரை நீளலாம் என்று 2005-இல் விதி வந்தது.

நம் நாட்டு பகவத் சந்திரசேகருக்குச் சிறு வயதில் போலியோ வந்து வலது கை மெலிந்துவிட்டது. ஃபீல்டிங்கில் இடது கையால்தான் பந்தை எறிவார். ஆனால், பந்து வீசியது அந்த மெலிந்த கையால்! சாட்டைபோல் சுழலும். 1971-இல் ஓவல் மைதானத்தில் 38 ரன்னுக்கு 6 விக்கெட். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது.

ஒரத்தநாட்டில் அறுவடை முடிந்த வயல்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம். தென்னை மட்டைதான் பேட். 1990-களின் தொடக்கத்தில் என் வகுப்பில் ஒரு பையன். மரத்திலிருந்து விழுந்ததில் அவன் முழங்கை நேராகாமல் போயிருந்தது. நன்றாகவே பந்து போட்டான். "கையை நீட்டிப் போடு, இல்லாவிட்டால் போடாதே" என்று நிறுத்திவிட்டேன். பிறகு அவன் வரப்போரம் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்தான்.

2010 ஜூலை 22, இலங்கையின் காலி நகரம். டெஸ்ட்டில் முரளி வீசிய கடைசிப் பந்து. ஓஜாவின் மட்டையில் பட்டு ஜெயவர்த்தனே கைக்குப் போனது. 800-வது விக்கெட்! டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பையன் ஞாபகம்தான் வந்தது.