பாலமா, குழாயா, தரைப்பாலமா?

யாரும் சேர்ந்து வரையக்கூடிய பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்கி, உங்கள் ஊரைத் தேடிப்பிடித்து, மேலே உள்ள ‘தொகு’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதுவரை சாதுவாக இருந்த வரைபடம் காணாமல் போய், அந்த இடத்தில் ஒரு செயற்கைக்கோள் படம் விரியும். அதன்மேல் பல நிறங்களில் கோடுகள், கட்டங்கள், குண்டூசி குத்தியதுபோலச் சின்னங்கள். எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோமோ என்று பயந்து பலரும் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ‘சேமி’ பொத்தானை அழுத்தும்வரை நீங்கள் செய்யும் எதுவும் உங்கள் கணினியைத் தாண்டிப் போகாது. அழுத்திய பிறகும் பழைய நிலை பதிவில் இருக்கும், தவறென்றால் மீட்டுவிடலாம்.

இந்தத் தொகுப்புத் திரைக்கு ‘ஐடி’ என்று பெயர். அடையாள அட்டைக்கும் மென்பொருள் கம்பெனிகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது வந்த கதைக்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிவைத்தவர் ஸ்டீவ் கோஸ்ட். அந்த நாட்டின் நில அளவை அமைப்பான ஆர்ட்னன்ஸ் சர்வேயிடம் அருமையான வரைபடங்கள் இருந்தன. ஆனால் அவற்றை எடுத்தாள உரிமம் வேண்டும், கட்டணம் வேண்டும். அப்படியானால் நாமே வரைந்துகொள்வோம் என்று ஆர்வலர்கள் ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். 2010 கடைசியில் மைக்ரோசாஃப்ட் தன் பிங் வான்படங்களைப் பார்த்து வரைந்துகொள்ள அனுமதி கொடுத்த பிறகு வேலை சூடுபிடித்தது. அப்போதிருந்த கருவிகளில் ஜோசம் கைதேர்ந்தவர்களுக்கானது, கணினியில் தனியாக நிறுவ வேண்டும். பாட்லாட்ச் ஃபிளாஷை நம்பி ஓடியது. புதியவர்களுக்கென்று நைட் அறக்கட்டளையின் நிதியுதவியோடு 2013-இல் வந்ததுதான் ஐடி. இதற்கு உலாவி ஒன்று போதும். இன்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு வைத்திருப்பவர்கள் 1 கோடிக்கும் மேல்.

திரையில் மூன்று பக்கங்களைப் பார்த்துவைத்துக்கொண்டால் போதும். மேலே புள்ளி, கோடு, பரப்பு என்று மூன்று பொத்தான்கள். விசைப்பலகையில் 1, 2, 3 எண்களும் இவற்றுக்கே. வலப்பக்கம் பெரிதாக்க, சிறிதாக்க, பின்னணிப் படத்தை மாற்ற, சிக்கல்களைப் பார்க்க, உதவி கேட்க. இடப்பக்கம் முதலில் கிட்டத்தட்டக் காலியாகத்தான் தெரியும். எதையாவது தொட்டவுடன் அதன் விவரப் படிவம் அங்கே திறக்கும். வெகு உயரத்தில் இருந்தால் தொகுக்க விடாது, கிட்டே வரச் சொல்லும். முதல்முறை நுழைபவர்களுக்கு ஒரு பயிற்சிச் சுற்றும் உண்டு. அது உங்களை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள த்ரீ ரிவர்ஸ் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய் ஒரு காபிக் கடையைக் குறிக்கவும் தெருவைத் திருத்தவும் பழக்கும். அங்கே நீங்கள் செய்வது எதுவும் உண்மையான வரைபடத்தில் ஏறாது. அலுப்பாக இருந்தாலும் அதை ஒருமுறை முடித்துவிடுங்கள்.

இனிமேல்தான் விஷயம். ஐடி பார்ப்பதற்குப் படம் வரையும் கருவி போல இருக்கிறது. நிஜத்தில் நீங்கள் எழுதுவது பதிவேடு. நம்மூர் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் தனியாகவும் ‘அ’ பதிவேடு தனியாகவும் இருக்குமல்லவா? புலப்படத்தில் நிலத்தின் வடிவம், பதிவேட்டில் அது நஞ்சையா புஞ்சையா, பரப்பு எவ்வளவு என்ற விவரம். அந்த இரண்டையும் ஒரே திரையில் வைத்தால் அதுதான் ஐடி. படத்தின்மேல் நீங்கள் இழுப்பது வடிவம், இடப்பக்கப் படிவத்தில் நிரப்புவது விவரம். சாலைக்கு நிறம் தீட்டவோ தடிமன் கூட்டவோ இங்கே வழியே கிடையாது. அது மாநில நெடுஞ்சாலை என்று நீங்கள் எழுதினால், அதை எந்த நிறத்தில் எவ்வளவு தடிமனாகக் காட்டுவது என்று வரைபடத்தை அச்சிடுபவரோ செயலியைச் செய்பவரோ முடிவு செய்துகொள்வார். ஒரே தரவிலிருந்து சைக்கிள்காரருக்கு ஒரு வரைபடம், பேருந்துப் பயணிக்கு இன்னொன்று என்று எடுக்க முடிவது இதனால்தான்.

உள்ளே எல்லாம் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை தசமத்துக்குப் பின் 7 இலக்கம் வரை பதிவாகும், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நுணுக்கம். புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் கோடு. கோடு தொடங்கிய இடத்திலேயே முடிந்தால் பரப்பு. வீடு, குளம், பள்ளி வளாகம் எல்லாம் பரப்பு. டீக்கடைக்குப் புள்ளி போதும்.

ஒரு தெருவை வரைந்து பார்ப்போம். கோயில் தெரு போய் மெயின் ரோட்டில் சேர்கிறது. எண் 2-ஐத் தட்டி, தெருக்கோடியில் தொடங்கி, வளைவுக்கு வளைவு கிளிக் செய்துகொண்டே வந்து, மெயின் ரோட்டின் கோட்டைத் தொட்டு முடிக்க வேண்டும். கோட்டுக்கு அருகில் போனதும் முனை தானாகவே போய் அதில் ஒட்டிக்கொள்ளும். அங்கே உருவாகும் புள்ளி இரண்டு சாலைகளுக்கும் பொது. இந்தப் பொதுப்புள்ளிதான் சந்திப்பு. இரண்டு மீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டீர்கள் என்று வையுங்கள். கண்ணுக்குச் சேர்ந்ததுபோலத்தான் தெரியும். வழிகாட்டும் செயலியோ அதை முட்டுச்சந்து என்று எடுத்துக்கொண்டு, வண்டியில் வருபவரை ஊரைச் சுற்றி அனுப்பும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மேம்பாலக் கோடு கீழ்ச்சாலையின் கோட்டைக் கடக்கும் இடத்தில் பொதுப்புள்ளி விழுந்துவிட்டால், பாலத்தின் நடுவிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்கச் சொல்லும் செயலி! வரையும்போது ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தால் கோடுகள் ஒட்டாது. பிறகு பாலம் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கோட்டை வெட்டி, அந்தத் துண்டை மட்டும் பாலம் என்று குறிக்க வேண்டும். வெட்டுவதற்கு எக்ஸ் விசை.

சாலை ஓடையைக் கடந்தால் ஐடி சும்மா விடாது. உடனே ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்து நிற்கும்: இங்கே பாலம் இருக்கிறதா, சாலைக்கு அடியில் குழாய் போகிறதா, அல்லது தண்ணீர் சாலையின்மேலேயே ஓடுகிறதா? மேலிருந்து எடுத்த படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைப்பது அபூர்வம். அந்த வழியாக மழைக்காலத்தில் ஒருமுறையாவது போனவருக்கு யோசிக்கவே வேண்டாம். தரைப்பாலம் முழுகினால் போக்குவரத்து நின்றுவிடும் ஊர்களில் இந்த ஒரு விவரம் நூறு வீடுகளை வரைவதைவிடப் பெரிது என்பேன்.

ஏரிகளின் கதையும் அப்படித்தான். கோடையில் எடுத்த படத்தில் நம்மூர் ஏரி ஏரியாகவே இருக்காது. முள்காடு, மாட்டு வழித்தடம், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிய பிட்ச். தொலைவிலிருந்து வரைபவர் அதை விளையாட்டுத் திடல் என்றோ தரிசு என்றோ எழுதிவிட்டுப் போனால் அவரைக் குறைசொல்ல முடியாது. ஊர்க்காரர் முதலில் தேட வேண்டியது கரையை. பள்ளமான பக்கத்தில் வில்போல வளைந்து, மேலே வண்டித்தடமும் வரிசையாகப் பனைகளும் தெரிந்தால் அதுதான் கரை. அதன் ஓரமாகவே வந்து, எதிர்ப்பக்கம் நிறைந்த ஏரியில் தண்ணீர் எதுவரை நிற்குமோ அதுவரை சுற்றி வளைத்து மூடுங்கள். படிவத்தில் நீர்நிலை என்று குறித்து, பருவகாலத்தில் மட்டும் நீர் நிற்கும் என்ற பெட்டியையும் மறக்காமல் தேர்ந்தெடுங்கள். கலங்கல், மதகு இருக்கும் இடங்களும் தெரிந்தால் அவற்றையும் சேர்க்கலாம்.

தொலைவிலிருந்து வரைபவர்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் பூகம்பம் நிகழ்ந்தபோது, தலைநகர் போர்ட்டோ-பிரின்ஸுக்கு உருப்படியான வரைபடம் இருக்கவில்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில நாட்களிலேயே தெருக்களை வரைந்து தர, மீட்புக்குழுக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கின. 2015 சென்னை வெள்ளத்தின்போது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தெருத்தரவின் மேல் ஓர் இணையப் பக்கம் அமைத்து, தண்ணீர் நிற்கும் தெருக்களைப் பொதுமக்களே தொட்டுக் காட்டும்படி செய்தார்கள். தெருக்கள் முன்பே வரையப்பட்டிருந்ததால்தான் அது முடிந்தது. வடிவத்தை யாரும் எங்கிருந்தும் தரலாம். பெயரும் தன்மையும் அந்த ஊரில் காலூன்றியவரிடமிருந்துதான் வர வேண்டும்.

பெயர் என்றதும் ஒரு குறை. தமிழ்நாட்டில் பல தெருக்களுக்கு ஆங்கிலப் பெயர் மட்டுமே பதிவாகியிருக்கிறது. பெயர்க் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் இன்னொரு மொழியில் பெயர் சேர்க்க வழி கிடைக்கும். மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, பெயர்ப்பலகையில் உள்ளபடி எழுதினால் முடிந்தது. ஆங்கிலப் பெயரை அழித்துவிட்டு அதன்மேல் தமிழை எழுத வேண்டாம், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வீட்டுக்காரர்களின் பெயர், தொலைபேசி எண் இவற்றுக்கு மட்டும் இங்கே இடமில்லை.

கட்டடம் வரைவது எளிது. நான்கு மூலைகளையும் கிளிக் செய்து மூடிவிட்டு க்யூ விசையைத் தட்டினால், கோணலாக இழுத்த மூலைகள் செங்கோணத்துக்கு வந்துவிடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. செயற்கைக்கோள் படம் சில இடங்களில் நிஜ இடத்திலிருந்து சில மீட்டர் தள்ளியே ஒட்டப்பட்டிருக்கும். ஏற்கெனவே வரைந்த வீடுகள் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்ததுபோலத் தெரிந்தால், வீடுகளை இழுத்துப்போட அவசரப்படாதீர்கள். பி விசையைத் தட்டிப் பின்னணிப் பட்டியலைத் திறந்து வேறொரு படத்தை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் படம்தான் தள்ளியிருக்கும். அதே பட்டியலில் படத்தை நகர்த்திப் பொருத்தவும் வசதி உண்டு.

கூகுள் மேப்ஸைப் பக்கத்தில் திறந்துவைத்துத் தெருப்பெயரை எடுத்து எழுதுவது கூடவே கூடாது. அது காப்புரிமை மீறல், தெரியவந்தால் உங்கள் பதிவுகளை நீக்கிவிடுவார்கள். காகித வரைபடக் காலத்திலேயே திருட்டைப் பிடிப்பதற்காக இல்லாத தெருக்களையும் ஊர்களையும் வேண்டுமென்றே வரைந்துவைத்த நிறுவனங்கள் உண்டு. நேரில் பார்த்தது, நடந்து தெரிந்தது, அனுமதி உள்ள படம் இவை மட்டுமே ஏற்கப்படும்.

வேலை முடிந்ததும் மேலே ‘சேமி’. அதன் அருகில் இதுவரை செய்த மாற்றங்களின் எண்ணிக்கை தெரியும். அது மலையாகக் குவியும்வரை காத்திருக்காமல் ஒரு தெரு முடிந்ததும் சேமித்துவிடுங்கள். உலாவி பாதியில் மூடிக்கொண்டாலும் அதே கணினியில் திரும்பத் திறக்கும்போது விட்ட வேலையை மீட்கட்டுமா என்று ஐடி கேட்கும். என்றாலும் அதை நம்பி உட்கார வேண்டாம். சேமிக்கும்போது என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி கேட்கும். ‘திருத்தம்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘பெரிய ஏரியின் எல்லையும் கரைச் சாலையும் சேர்த்தேன், நேரில் பார்த்தது’ என்று எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர் அதை வைத்துத்தான் உங்கள் பதிவை நம்புவார். அந்த வரிக்குக் கீழே, என் மாற்றங்களை யாராவது சரிபார்க்க வேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கிறது. முதல் சில பதிவுகளுக்குத் தயங்காமல் அதை டிக் செய்துவிடுங்கள். அனுபவமுள்ள யாராவது பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதக்கூடும்.