ஈரலுக்கு இதமளிப்பது கோப்பையா, குளிசையா?

மனித உடலின் உள்ளுறுப்புக்களுள் மிகப் பெரியது ஈரலாகும். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம் நிறையுள்ள இவ்வுறுப்பு, ஓயாது உழைக்கும் ஓர் இரசாயனச் சாலை போன்றது. உணவிலிருந்து கிடைக்கும் கொழுப்பும், உடலிற் சேமித்த கொழுப்பும் குருதி வழியே அதனை வந்தடைகின்றன. மிகையாக உண்ட சீனியையும் மாப்பொருளையும் அதுவே கொழுப்பாக மாற்றுகின்றது. அவ்வாறு சேர்ந்தவற்றில் ஒரு பகுதியை எரித்துச் சக்தி பெறுகின்றது. இன்னொரு பகுதியைப் புரதத்துடன் பொதிந்து குருதிக்கு அனுப்புகின்றது. வரவு மிகுந்து செலவு குறைந்தால், எஞ்சிய கொழுப்பு ஈரற்கலங்களிலேயே தங்கிவிடும். அது ஈரலின் நிறையில் 5 சதவீதத்தைக் கடந்துவிடின், கொழுப்பீரல் என்பர் வைத்தியர். மதுவைத் தொடாதவர்க்கும் இது வருவதுண்டு. நோவின்றி வளர்வதே இதன் கொடுமை. சிலரிடத்து இது அழற்சியாக மாறி, ஈற்றில் ஈரல் இறுகும் நோயாகவும் முற்றுகின்றது.

இலையின் இயல்பு

பச்சைத் தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான கற்றெச்சின் என்னும் பொருளை 1929ஆம் ஆண்டில் யப்பானியப் பெண் விஞ்ஞானி மிச்சியோ சுஜிமுரா பிரித்தெடுத்தார். கொழுந்தை வாட்டி உருட்டும்போது, இலையிலுள்ள நொதியமும் காற்றும் சேர்ந்து கற்றெச்சின்களிற் பெரும்பகுதியை ஒட்சியேற்றுகின்றன. நமது கறுப்புத் தேயிலைக்கு நிறமும் சுவையும் தரும் தியாபிளவின் முதலியன இவ்வாறு பிறந்தவையே.

இப்பொருள்கள் குடலிலே கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியத்தை ஓரளவு தடுக்கின்றன. ஈரற்கலங்களிலே சக்தியின் இருப்பை அறிந்து ஆணையிடும் வேறொரு நொதியத்தைத் தூண்டிக் கொழுப்பாக்கத்தைக் குறைத்து, எரிப்பைக் கூட்டுகின்றன. கொழுப்புணவூட்டிய எலிகளில் ஈரற் கொழுப்பு குறைந்தமை ஆய்வுகூடங்களிலே காணப்பட்டுள்ளது. மனிதரிடத்து நடந்த சோதனைகளோ சிறியன. அவற்றின் முடிவுகளும் ஒருபடித்தானவையல்ல.

மீன்கறிக்கு இடும் கொறக்காப் புளியும் இவ்வகையினதே. இவ்வினத்துப் பழத்தின் முதன்மையான அமிலம் ஐதரொட்சி சித்திரிக்கமிலமென 1965ஆம் ஆண்டில் மைசூர் ஆய்வாளர் கண்டனர். கலங்கள் சீனியைக் கொழுப்பாக்கும் வழியில் ஒரு படியை இவ்வமிலம் மறிக்கின்றது.

மருந்தே நஞ்சாகும் அளவு

இலை நல்லதாயின் அதன் சாரம் இன்னும் நல்லதன்றோ என வாசகர் வினவலாம். ஆபத்து இங்கேதான் உள்ளது. குடலிலிருந்து உறிஞ்சப்படும் இப்பொருள்கள் முதலிற் சென்றடைவது ஈரலையே. உணவோடும் இடைவெளியோடும் பருகும் தேநீர் சிறுகச் சிறுகச் சேரும். வெறுவயிற்றில் விழுங்கிய குளிசையோ வெள்ளம்போற் பாயும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தது. பச்சைத் தேநீர் பருகுவோருக்கு முதன்மையான கற்றெச்சின் நாளொன்றுக்குச் சராசரியாக 90 முதல் 300 மில்லிகிராம் வரையே கிடைக்கின்றது. 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் குளிசையாக உட்கொண்டோரிலோ, ஈரற் சிதைவைக் காட்டும் நொதியங்கள் குருதியில் உயர்ந்தன. 2022ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம், நாளாந்த அளவு 800 மில்லிகிராமிலும் குறைதல் வேண்டுமெனச் சட்டமியற்றியது. உடல் மெலிய விற்கப்படும் கொறக்காச் சாரக் குளிசைகளாலும், மஞ்சட் சாரக் குளிசைகளாலும் ஈரல் பழுதுற்றோர் உளர். கறியில் இடும் மஞ்சளும் கொறக்காவும் அத்தகையன அல்ல.

கரண்டியில் உள்ள பகை

கோப்பையிலும் ஒரு பகை ஒளிந்திருக்கின்றது, அதுவே சீனி. நாளொன்றுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி எனக் கொள்ளின், 40 கிராம் சீனி உட்செல்கின்றது. அதிற் பாதி புறுற்றோசு. அதனை ஈரல் எளிதிற் கொழுப்பாக்கிவிடும். இலை செய்யும் சிறு நன்மையைக் கரண்டி அழித்துவிடுகின்றது.

ஆகவே தேநீரைச் சீனியின்றிப் பருகப் பழகுவதே இல்லத்தார் செய்யத்தக்க முதற்காரியம். பருமனானோர் தம் நிறையில் 7 முதல் 10 சதவீதம் வரை குறைத்தால், ஈரற் கொழுப்பும் அழற்சியும் தணியும். இது எந்த இலையும் தரமுடியாத பயனாகும். மூலிகைக் குளிசை உட்கொள்வோர் அதனை வைத்தியருக்கு மறையாது கூறுதல் வேண்டும். பசியின்மை, சிறுநீர் கறுத்தல், கண் மஞ்சளாதல் என்பன தோன்றின் அன்றே அதனை நிறுத்தி வைத்தியசாலைக்குச் செல்லுக. இயற்கையிற் பிறந்தது என்பதனால் மட்டும் எப்பொருளும் தீங்கற்றதாகிவிடாது.