நீர்மின்னாக்கியின் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு

நீர்மின்னாக்கியின் எண்ணெய் அழுத்தக் கட்டுப்பாடு என்பது, நீர்மின் நிலையங்களில் சுழலிக்குச் செல்லும் நீரின் அளவை அழுத்தமூட்டிய எண்ணெயையும் வால்வுகளையும் கொண்டு கூட்டியும் குறைத்தும் மின்னாக்கியின் வேகத்தை நிலையாக வைத்திருக்கும் முறை ஆகும். இதனைச் செய்யும் கருவித்தொகுதி வேக ஆளி அல்லது கவர்னர் எனப்படும். மதுரைச் சமவெளியின் பாசனத்துக்கு வரும் முல்லைப் பெரியாற்று நீர், தேனி மாவட்டம் லோயர்கேம்ப்பில் உள்ள பெரியாறு மின் நிலையத்தின் சுழலிகளைக் கடந்தே பெரும்பாலும் கீழிறங்குகிறது. அங்கு ஒரு வால்வு திறப்பதும் மூடுவதும் மின்சாரத்தை மட்டுமன்றி ஆற்றின் நீரோட்டத்தையும் மாற்றக்கூடியது.

பெரியாறு மின் நிலையம்

ஜான் பென்னிகுயிக் தலைமையில் கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவுற்றது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பப்பட்டது. தொடக்கத்தில் இந்நீர் பாசனத்துக்கு மட்டுமே பயன்பட்டது. மலை உச்சிக்கும் அடிவாரத்துக்கும் இடையிலான உயர வேறுபாட்டைப் பயன்படுத்தி 1950களின் இறுதியில் மின்னாக்கம் தொடங்கியது. மின்னாக்கம் தொடர்பாகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் உடன்படிக்கை செய்துகொண்டன.

நான்கு பெரிய அழுத்தக் குழாய்கள் மலைச்சரிவின் வழியாக நிலையத்துக்கு இறங்குகின்றன. நிலையத்தின் நான்கு மின்னாக்கிகளும் தொடக்கத்தில் தலா 35 மெகாவாட் திறன் கொண்டிருந்தன. பின்னர் திறன் உயர்த்தப்பட்டது. ஒரு மின்னாக்கியை முழுமையாக இயக்க விநாடிக்கு ஏறத்தாழ 400 கன அடி நீர் தேவை. இது விநாடிக்கு 11 டன்னுக்கும் அதிகமான நீராகும்.

வேகம் மாறாதிருக்க வேண்டிய காரணம்

மின்னாக்கியின் சுழல் வேகமே மாறுதிசை மின்சாரத்தின் அலைவெண்ணை முடிவு செய்கிறது. இந்தியாவில் இது 50 ஏர்ட்சு ஆகும். 6000 என்னும் எண்ணைக் காந்த முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்றுகள் தேவை என்பது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 12 முனைகள் உள்ள மின்னாக்கி நிமிடத்துக்கு 500 முறை சுழல வேண்டும்.

மின்தேவை கூடும்போது மின்னாக்கியைச் சுழற்றுவது கடினமாகி வேகம் குறைய முற்படும். அப்போது நீரைக் கூட்ட வேண்டும். தேவை குறைந்தால் நீரைக் குறைக்க வேண்டும். தென்னிந்திய மின்தொகுப்பு 2013 திசம்பர் 31 அன்று நாட்டின் ஏனைய தொகுப்புகளுடன் ஒரே அலைவெண்ணில் இணைக்கப்பட்டது. இத்துணைப் பெரிய தொகுப்பின் அலைவெண்ணைத் தனியொரு மின்னாக்கியால் மாற்ற இயலாது. எனவே ஒவ்வொரு வேக ஆளியும் மாற்றத்தில் தன் பங்கை மட்டும் ஏற்குமாறு அமைக்கப்படுகிறது. அலைவெண் 5 விழுக்காடு (2.5 ஏர்ட்சு) குறையும்போது முழுத்திறன் அளவுக்கு உற்பத்தி கூடுமாறு ஓர் ஆளி அமைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். 0.1 ஏர்ட்சு குறைந்தால், 35 மெகாவாட் மின்னாக்கி தன் உற்பத்தியை 1.4 மெகாவாட் கூட்டும்.

செயற்படும் முறை

சுழலிக்குள் நீர் நுழையும் வாயிலைத் திறக்கவும் மூடவும் பெரும் விசை வேண்டும். பிரான்சிசு வகைச் சுழலியில் வட்டமாக அமைந்த வழிகாட்டி இதழ்களும், பெல்ட்டன் வகையில் பீச்சுமுனைக்குள் நகரும் ஊசியும் இவ்வாயில்களாகும். வேகத்தை அளக்கும் கருவி தரும் குறிப்போ மிக நுண்ணியது. இவ்விரண்டையும் இணைப்பது எண்ணெய் அழுத்தம். அதன் படிகள் பின்வருமாறு:

1. வேக மாற்றம் உணரப்படுகிறது. சேம்சு வாட் 1788இல் நீராவி எந்திரத்தில் பயன்படுத்திய சுழல்குண்டு அமைப்பின் வழிவந்த கருவிகள் இதற்கு நெடுங்காலம் பயன்பட்டன. இன்று மின்னணு உணரிகளும் கணினியும் அப்பணியைச் செய்கின்றன.
2. அக்குறிப்புக்கேற்ப முன்னோடி வால்வு எனப்படும் சிறிய வால்வு சற்றே நகர்ந்து, சிறிதளவு எண்ணெயை விடுகிறது.
3. அந்த எண்ணெய், பகிர்வு வால்வு எனப்படும் பெரிய வால்வை நகர்த்துகிறது.
4. பகிர்வு வால்வு வழியாக உயரழுத்த எண்ணெய் இயக்க உருளையின் ஒரு பக்கத்தில் புகுந்து, உந்துதண்டைத் தள்ளுகிறது. உந்துதண்டு நீர்வாயிலைத் திறக்கிறது அல்லது மூடுகிறது.
5. வாயில் எவ்வளவு நகர்ந்தது என்ற செய்தி ஆளிக்குத் திரும்புகிறது. இந்தப் பின்னூட்டம் இல்லையெனில் வாயில் தேவையைத் தாண்டித் திறந்தும் மூடியும் அலைந்துகொண்டிருக்கும்.

விரைவும் நிதானமும்

மின்கம்பித்தொடர் திடீரென அறுபட்டால் மின்னாக்கியின் சுமை ஒரு நொடியில் மறைந்துவிடும். நீரோ தொடர்ந்து தள்ளும். வாயில் மூடப்படாவிட்டால் சுழலியின் வேகம் அபாய அளவுக்கு உயரும். ஆதலால் வாயிலை விரைவாக மூட வேண்டும்.

ஆயினும் மிக விரைவாக மூடுவதும் ஆபத்தானது. குழாயில் ஓடும் நீர் திடீரென நிறுத்தப்பட்டால் அதன் உந்தம் அழுத்த அலையாக மாறிக் குழாயைத் தாக்கும். இது நீர்ச்சம்மட்டி விளைவு எனப்படும். அழுத்த அலையின் வேகம் விநாடிக்கு 1000 மீட்டர் எனக் கொண்டால், விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை உடனடியாக நிறுத்தும்போது, ஏறத்தாழ 500 மீட்டர் உயர நீர்த்தம்பத்துக்கு ஈடான கூடுதல் அழுத்தம் தோன்றும். 1 கிலோமீட்டர் நீளக் குழாயில் இவ்வலை மேலே சென்று திரும்ப 2 விநாடிகள் ஆகும். அதற்குள் மூடினால் முழு அழுத்தமும் தாக்கும்.

ஆகவே பகிர்வு வால்வு விடும் எண்ணெயின் அளவு குறுகிய துளைகளால் வரையறுக்கப்பட்டு, மூடும் நேரம் கட்டுப்படுத்தப்படுகிறது. பெல்ட்டன் சுழலிகளில் விலக்கி என்னும் தகடு நீர்த்தாரையை உடனே திசைதிருப்பிவிட, ஊசி மெதுவாக மூடுகிறது. பிரான்சிசு சுழலிகள் சிலவற்றில் அழுத்தத் தணிப்பு வால்வு நீரை வேறு வழியில் வெளியேற்றுகிறது.

எண்ணெய் இழப்பும் பாதுகாப்பும்

மின்சாரம் முற்றிலும் நின்றாலும் வாயில்களை மூட முடிய வேண்டும். எனவே அழுத்தமூட்டிய காற்றுடன் எண்ணெய் ஒரு கொள்கலத்தில் சேமிக்கப்படுகிறது. எக்கி நின்றபின்னும் வாயிலை மூடுவதற்கு இந்த இருப்பு போதுமானதாக இருக்க வேண்டும். சுழலிக்கு முன்னுள்ள முதன்மை வால்வு, பல நிலையங்களில் எண்ணெய் அழுத்தத்தால் திறந்து, எடைக்குண்டால் தானே மூடுமாறு அமைக்கப்படுகிறது.

எண்ணெய் அமைப்பில் செய்யும் சிறு பிழையும் உயிர்ச்சேதம் விளைவிக்கும். 1950இல் சப்பானின் ஓயிகாவா நீர்மின் நிலையத்தில் பராமரிப்பின்போது கட்டுப்பாட்டு அமைப்பின் எண்ணெய் வடிக்கப்பட்டதால் வால்வு ஒன்று மிக விரைவாக மூடிக்கொண்டது. நீர்ச்சம்மட்டி விளைவால் அழுத்தக் குழாய் பிளந்தது. நீர் வெளியேறியதால் ஏற்பட்ட தாழ்வழுத்தத்தில் குழாயின் மேற்பகுதி நசுங்கியது. மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

பாசனத்துடன் உள்ள தொடர்பு

லோயர்கேம்ப்பில் ஒரு மின்னாக்கி நின்றால், அதன் வழியே வந்த 400 கன அடி நீரும் நின்றுவிடும். இந்நீரே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்து, வைகை அணையை அடைந்து, பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் வழியே மதுரை, மேலூர்ப் பகுதிகளுக்குச் செல்கிறது. இதனால் மின் நிலையத்தைத் தவிர்த்து நீரை வெளியேற்ற இரைச்சல்பாலம் என்னும் மாற்றுவழி பயன்படுத்தப்படுகிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணை, நீரைத் தேக்கி வைத்து விடுவதால் இத்தகைய ஏற்ற இறக்கங்கள் மதுரைச் சமவெளியை உடனே தாக்குவதில்லை.

கனரக எந்திரங்களில்

எண்ணெய் அழுத்தத்தால் மின்னாக்கியை ஆளும் முறை கனரக எந்திரங்களிலும் உண்டு. இரும்புக் கழிவைத் தூக்கும் மின்காந்தம் பொருத்திய அகழ் எந்திரங்கள் சிலவற்றில், எந்திரத்தின் எண்ணெய் எக்கியே சிறு மின்னாக்கியைச் சுழற்றுகிறது. இங்கு சுழற்றும் பாய்மம் நீரன்று, எண்ணெயே. எந்திரத்தின் வேகம் கூடிக் குறைந்தாலும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு குறித்த அளவு எண்ணெயை மட்டும் விட்டு, மிகுதியைத் தொட்டிக்குத் திருப்புகிறது. ஒரு சுற்றுக்கு 20 கன சென்டிமீட்டர் எண்ணெய் கொள்ளும் மோட்டார் நிமிடத்துக்கு 1500 முறை சுழல, நிமிடத்துக்கு ஏறத்தாழ 30 லிட்டர் எண்ணெய் தேவைப்படும். அந்த ஓட்டம் மாறாதிருந்தால், நான்கு முனை மின்னாக்கி 50 ஏர்ட்சு மின்சாரத்தைத் தரும்.