கால் வலு மட்டும் கயிலாயத்துக்குப் போதுமா?

ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில்தான் என் வைத்தியசாலை. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் வந்து பாருங்கள். குதிகால் வலி, பாதக் கொப்புளம், கெண்டைக்கால் பிடிப்பு என்று பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலோடு நடந்தால் சும்மா விடுமா?

2019-ல் அப்படி ஒரு காலையில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்தார். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஆனால் கால் வலி என்று வரவில்லை. "டாக்டர், ரெண்டு பேரும் கயிலாயம் போறோம். இருபது வருஷமா கிரிவலம் சுத்தற காலு, நடைக்குப் பயமில்லை. குளிருக்கு மட்டும் ஏதாவது சூரணம் கொடுங்க, போதும்" என்றார்.

கொடுத்தேன். கூடவே, "மேலே போனதும் தலைவலி வந்தா யாரும் மறைக்காதீங்க" என்றும் சொல்லி அனுப்பினேன். அந்தம்மா தலையாட்டினார். ஆனால் மறைத்துவிட்டார். என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கால் வேறு, மூச்சு வேறு

நம் அண்ணாமலையின் உச்சியே 2,600 அடிக்குச் சற்று மேல்தான். மானசரோவர் ஏரி சுமார் 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. கயிலைப் பரிக்கிரமத்தில் தாண்ட வேண்டிய டோல்மா லா கணவாய் 18,000 அடிக்கும் மேலே. அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். நாம் ஒரு மூச்சு இழுத்தால் இங்கே கிடைக்கிற ஆக்சிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு வேகமாகும், நாடி கூடும், மெல்ல மெல்ல ரத்தத்தில் சிவப்பணுக்களும் பெருகும். ஆனால் அதற்கு நாள் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் மலை நோய் பிடித்துக்கொள்ளும். இருபது வயது விளையாட்டு வீரருக்கும் வரும். "நான் தினம் பத்து கிலோமீட்டர் நடக்கிறேனே!" என்பது இதற்குக் காப்பு ஆகாது. உண்மையில், கால் வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்கே ஆபத்து அதிகம்.

முதலில் பரிசோதனை, பிறகு பணம்

வெளியுறவு அமைச்சகம் 1981 முதல் இந்த யாத்திரையை நடத்துகிறது. 2020 முதல் ஐந்து ஆண்டுகள் நின்றிருந்து, 2025 ஜூனில் மறுபடி தொடங்கியது. உத்தராகண்டில் லிபுலேக் வழி, சிக்கிமில் நாதுலா வழி என்று இரண்டு பாதைகள். வயது 18 முதல் 70 வரை. உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு 25-ஐத் தாண்டக் கூடாது. டில்லியில் பரிசோதனை செய்து தகுதி பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். வழியில் இன்னொரு பரிசோதனையும் உண்டு.

நேபாளம் வழியாகத் தனியார் ஏற்பாட்டில் போகிறவர்களுக்கும் இதே கட்டுப்பாடு தேவை. யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே செய்துகொள்ளுங்கள். இ.சி.ஜி., எக்கோ, ரத்த சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ரத்த சோகை, நுரையீரல் இவற்றைப் பார்த்து, இதய மருத்துவர் "போகலாம்" என்று சொன்ன பிறகே முன்பணம் கட்டுங்கள். கட்டிவிட்டால் "பணம் போயிடுமே" என்று நோயை மறைக்கத் தோன்றும்.

எத்தனை இரவு, எங்கே?

பயண அட்டவணையைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சாப்பாடு எப்படி, அறை எப்படி என்றுதான் கேட்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது: "எந்த ஊரில் எத்தனை இரவு தங்குகிறோம்?"

10,000 அடியைத் தாண்டிவிட்டால், இன்று படுக்கிற இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 1,600 அடிக்கு மேல் உயரமாக இருக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். நேபாளச் சாலை வழியில் கைரோங் சுமார் 9,000 அடி. அடுத்த தங்கல் பெரும்பாலும் சாகா, 14,500 அடிக்கும் மேல்! ஒரே நாளில் இத்தனை ஏற்றம் என்றால் உடம்பு திணறாதா? ஆகவே கைரோங்கில் இரண்டு இரவு, சாகாவில் இரண்டு இரவு கேளுங்கள். செலவு கூடும். பரவாயில்லை.

ஆக்சிஜன் சிலிண்டர், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, கீழே இறக்க வண்டி, உயரமான மலைப்பகுதிக்கும் செல்லுபடியாகும் இன்சூரன்ஸ், இந்த நான்கும் உண்டா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடாதீர்கள். 2018 ஜூலையில் மோசமான வானிலையால் சிமிகோட், ஹில்சா பகுதிகளில் நூற்றுக்கணக்கான இந்திய யாத்ரீகர்கள் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூலையில் ரசுவாகடி எல்லைப் பாலத்தையே வெள்ளம் அடித்துப்போனது. தினசரி மாத்திரைகள் பத்து நாளைக்கு உபரியாகவே இருக்கட்டும்.

மூன்று மாதத் தயாரிப்பு

வாரம் ஒருமுறை கிரிவலம், மூன்று நாள் ஆசிரமத்துக்குப் பின்னால் ஸ்கந்தாசிரமம் வரை ஏற்றம். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம் போதும். கிரிவலம் வெறுங்காலோடு இருக்கலாம், ஆனால் கயிலையில் ஷூ கட்டாயம். வாங்கிய புது ஷூவை மற்ற நாள் நடையில் போட்டுப் பழக்குங்கள்.

உடுப்பில் பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி பனிக்கட்டி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே ஈரம் உறிஞ்சாத தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு. காது மூடும் குல்லாய், கையுறை, நல்ல கறுப்புக் கண்ணாடி மறக்காதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள் மருந்தைச் சட்டைக்கு உள்பக்கம் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

சித்த மருந்து எதற்கு, எதற்கு இல்லை?

சுக்கு மல்லிக் காப்பி, மிளகு ரசம், சூடான கஞ்சி எல்லாம் குளிருக்கு இதம். திரிகடுகு சூரணம் சளிக்கும் மந்தத்துக்கும் நல்லது. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு வேண்டாம். இரவில் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்த்துக் காலுறை போட்டுப் படுங்கள்.

ஆனால் ஒன்று. ஆக்சிஜனுக்குப் பதில் எந்தக் கஷாயமும் கிடையாது! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. மலை நோயைத் தடுக்க அசெட்டசோலமைடு என்ற ஆங்கில மருந்து உண்டு. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாமல் போகலாம். உங்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். தூக்க மாத்திரையும் மதுவும் அங்கே கூடவே கூடாது.

இந்த அறிகுறிகள் வந்தால்...

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசதி: இது தொடக்கம். அன்று மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்கிவிட வேண்டும்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், நுரையோடு சளி: நுரையீரலில் நீர் சேர்கிறது. தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பேச்சு: மூளையில் வீக்கம். குதிகாலை மற்றக் கால் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். முடியவில்லையா? நடுராத்திரியானாலும் ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கீழே இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும்.

அந்தம்மாவின் கதை

சாகாவில் முதல் இரவே அவருக்குத் தலைவலி. மறுநாள் வாந்தி. "என்னால அவரோட யாத்திரை கெடக் கூடாதுன்னு சொல்லல டாக்டர்" என்றார் பிறகு. பரிக்கிரமம் தொடங்கும் டார்சென் வரை போய்விட்டார்கள். விடியற்காலை ஷூவின் கயிற்றைக் கட்டத் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வழிகாட்டிப் பையன் பார்த்ததும் புரிந்துகொண்டு, ஆக்சிஜன் வைத்து, ஜீப்பில் சுமார் 13,000 அடியில் இருக்கும் புராங் ஊருக்கு இறக்கினான். இறங்க இறங்கத் தெளிவு வந்தது. கணவரும் பரிக்கிரமத்தை விட்டுவிட்டுக் கூடவே இறங்கிவிட்டார்.

"இருபது வருஷக் கனவு டாக்டர்" என்று ஆசிரியர் என் எதிரே உட்கார்ந்து அழுதார். நானும் சமாதானம் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தம்மாதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மானசரோவர்க் கரையிலேர்ந்து நல்லாப் பார்த்தோம்ல" என்றார்.

இன்றும் பௌர்ணமிக்கு இருவரும் சேர்ந்துதான் கிரிவலம் போகிறார்கள். என் வைத்தியசாலை பெஞ்சில் யாராவது கயிலாயம் என்று பேச்செடுத்தால் போதும், நான் வாயைத் திறக்கும் முன் அந்தம்மாவே சொல்லிவிடுகிறார்: "தலை வலிச்சா உடனே சொல்லிடுங்க. வீட்டுக்காரர் கோவிச்சுக்குவாரேன்னு பாக்காதீங்க!"