வலிப்பது நெற்றி, காரணம் பிடரி

பிடரியில் பிடிக்கத் தொடங்கிய வலி, காதுக்குப் பின்னால் ஏறி, கண்ணுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. எப்போதும் ஒரே பக்கம். ‘ஒற்றைத் தலைவலி’ (மைக்ரேன்) என்று தாமே முடிவுகட்டி மாத்திரை விழுங்கும் சிலருக்கு உண்மையான கோளாறு கழுத்தில் இருக்கும். இதைத் தனியொரு தலைவலியாகப் பிரித்து 1983இல் பெயரிட்டவர், நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட்.

கழுத்தில் உள்ள கோளாறு நெற்றியில் எப்படி வலிக்கும்? கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்ச்சிகளைச் சுமந்துவரும் ட்ரைஜெமினல் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே நரம்பணுத் திரளில் முடிகின்றன. இரண்டு வாய்க்கால் ஒரே குளத்தில் கலந்தபின் எந்தத் தண்ணீர் எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாதல்லவா? மூளையும் அப்படித்தான் தடுமாறுகிறது.

மருத்துவருக்கும் இங்கே தடுமாற்றம் உண்டு. எக்ஸ்ரேயைப் பார்த்து ‘எலும்பு தேய்ந்திருக்கிறது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், நடுவயதைக் கடந்தவர்களில் வலியே இல்லாத பலருக்கும் படத்தில் தேய்மானம் தெரியும். கழுத்துவலியை வைத்தும் தீர்மானிக்க முடியாது. மைக்ரேன்காரர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் சேர்ந்தே வருகிறது. குமட்டல் மிகுந்து, வெளிச்சத்தைக் கண்டாலே கூசினால் மைக்ரேன் பக்கம் சந்தேகம் சாயும். கழுத்தைத் திருப்பும்போதோ பிடரியை அழுத்தும்போதோ அதே தலைவலி கிளம்பினால் கழுத்தின் பக்கம்.

படத்தைவிடக் கைக்கு அதிகம் தெரியும் ஒரு சோதனை இருக்கிறது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, மோவாய் நெஞ்சை நோக்கி வரும்படி கழுத்தை முழுதாக மடக்கி, அப்படியே தலையை இருபுறமும் திருப்பிப் பார்ப்பார் பிசியோதெரபிஸ்ட். மடக்கும்போது கீழ் முள்ளெலும்புகள் இறுகிவிடுவதால், திரும்பும் வேலை பெரும்பாலும் முதலிரண்டு எலும்புகளுக்கு இடையிலேயே நடக்கும். நலமாக உள்ளவருக்குப் பக்கத்துக்குச் சுமார் 44 பாகை திரும்பும். ஒரு பக்கம் 32 பாகையளவில் முட்டிக்கொண்டு நின்றால் அந்த மூட்டின் மேல் சந்தேகம் விழும். அதற்கும் கீழே, இரண்டாம் மூன்றாம் எலும்புகளுக்கு நடுவிலுள்ள மூட்டை இந்தச் சோதனை அவ்வளவாகக் காட்டித்தராது. அதன் நரம்பை ஊசிபோட்டு மரத்துப்போகச் செய்து, தலைவலி அடங்குகிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. ஆஸ்திரேலியாவின் நிக்கோலாய் பொக்டக் இந்த மூட்டையும் நரம்பையும் விரிவாக ஆராய்ந்தவர்.

சிகிச்சைக்கு வருவோம். க்வென் ஜல் தலைமையில் ஆஸ்திரேலியாவில் 200 பேரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் கையால் மூட்டுகளை இயக்கிய சிகிச்சையும் உடற்பயிற்சியும் தனித்தனியே பலன் தந்தன. ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது. பயிற்சி பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். மல்லாந்து படுத்து, ‘ஆமாம்’ என்பதுபோல் மெல்லத் தலையசைத்து, பத்து விநாடி நிறுத்த வேண்டும். முன்கழுத்தின் மேல்தசைகள் புடைக்கக் கூடாது. வேலைசெய்ய வேண்டியவை உள்தசைகள். மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை மாட்டிக்கொள்வது இதற்கு நேர்மாறு. தசைகள் இன்னும் சோம்பிப்போகும்.

இவை பலிக்காத சிலருக்கு, ரேடியோ அலையின் சூட்டால், வலிக்குக் காரணமான கழுத்து மூட்டின் நரம்பைச் செயலிழக்கச் செய்கிறார்கள். நரம்பு மீண்டும் வளரும் என்பதால் நிவாரணம் மாதக்கணக்கில்தான். வலிமாத்திரையோ, மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் என்று தொடர்ந்தால் தானே ஒரு தலைவலியை உண்டாக்கிவிடும்.

சலூன் நாற்காலியில் கழுத்தைச் ‘சொடக்’ என்று முறிக்கும் சுகத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அபூர்வமாக என்றாலும், முள்ளெலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் அதனால் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. இதுவரை அறியாத கழுத்துவலியும் தலைவலியும் திடீரென்று சேர்ந்து தாக்கி, கூடவே தள்ளாட்டமோ பேச்சுக் குழறலோ இருந்தால், பயிற்சிக்கும் தைலத்துக்கும் நேரமில்லை. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.